கண்ணீரை அழைப்பு என்றார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் செல்லக் கழுதை எழுதுவது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அம்மா புரண்டு படுத்தாலே விளக்கைத் தணித்துவிடுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே. தபாலில் போட்டால் உங்கள் கன்னியர் மடத்துத் தலைவித் தாயார் பிரித்துப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் துணி கொண்டுவரும் தையல்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ மடத்துக்குப் போனபின், வேதபாடம் சொல்லித்தர உபதேசியார் வாரந்தோறும் நம் வீட்டுக்கு வருகிறார். வேதாகமத்திலுள்ள அந்தக் காதல் பாட்டை என்னை வாசிக்கச் சொல்கிறார். மணமகள் நம் ஆன்மாவாம், மணமகன் ஆண்டவராம். ராஜா அவளை அழைத்துப்போகும் அறை நம் நெஞ்சுக்குள்தான் இருக்கிறதாம். நானும் கண்ணை மூடி உள்ளே போய்ப் பார்த்தேன் அக்கா. அங்கே நீதான் உட்கார்ந்திருந்தாய்.

போன வாரம், பாட்டில் காவல்காரர்கள் அந்த மணமகளை அடித்து முக்காட்டைப் பிடுங்கும் இடம் வந்தது. அந்தக் காயமும் ஆண்டவரின் அன்புதான் என்றார் உபதேசியார். உன்னைப் பார்க்க வந்த அன்று, தாயார் பக்கத்திலேயே இருக்க, நான் கூப்பிட்டும் நீ தலை நிமிரவில்லையே, அது ஞாபகம் வந்தது. வெடித்துப் போயிருந்த உன் கைகளும் ஞாபகம் வந்தன. அழுதுவிட்டேன்.

அவ்வளவுதான். "பாத்தீங்களா அண்ணா, சின்னவளுக்கும் ஆண்டவரோட அழைப்பு வந்துடுச்சு!" என்று அத்தை எழுந்துவிட்டாள். அப்பாவும் அழுதார், சந்தோஷத்தில்.  அது அழைப்பு இல்லை, மடத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "பயமாத்தான்டி இருக்கும். கல்யாணப் பொண்ணு எவ பயப்படல?" என்றாள். மாப்பிள்ளையைப் பார்க்காமலே தேதி குறித்துவிட்டார்கள். பரீட்சை முடிந்ததும் என்னையும் உன் மடத்தில் கொண்டுவந்து விடப்போகிறார்கள்.

உன் கடிதங்களை அப்பா சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். எல்லாம் வசனம். பசித்தது, தூங்கினேன், சிரித்தேன் என்று ஒரு சொல்லும் இல்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். அந்த மணமகன், ஆண்டவர், உன்னிடம் வந்தாரா? வந்திருந்தால் சொல், பயத்தை விழுங்கிக்கொண்டு நானும் வருகிறேன். வரவில்லையென்றால் எனக்கு எதுவும் எழுத வேண்டாம். என்னை அனுப்ப வேண்டாமென்று அப்பாவுக்கு ஒரு வரி எழுது. நான் சொன்னால் பிசாசு பேசுகிறது என்பார். நீ சொன்னால் கேட்பார்.

கைக்கு எண்ணெய் தடவிக்கொள். ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன் அக்கா, என்னை மட்டும் அங்கே கூப்பிடாதே.

உன் தங்கை