பெட்டி இல்லாத டிக்கெட்

ஜூன் 3, செவ்வாய்

பையை எடை போடப் போன இடத்தில் டெல்பினையும் தராசில் ஏறி நிற்கச் சொன்னேன். "கட்டி இத்தன வருசம் ஆச்சு, ஏத்தின சரக்கு எவ்வளவுன்னு தெரிய வேண்டாமா?" என்றேன். திரேஸ்புரம் மீன் கொட்டகையே சிரித்தது. அவள் என் முதுகில் ஒன்று போட்டாள். அவள் அடி எனக்கு டீ குடித்த மாதிரி.

நாளை மறுநாள் மஸ்கட்டுக்குப் போகிறாள். மகள் ஜெஸ்மிக்குத் தலைப்பிரசவம். மருமகன் பெவின் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் பெட்டி கிடையாது. கையில் தூக்கிப் போகிற பை மட்டும்தான், அதுவும் ஏழு கிலோ. கூடினால் தனிக் காசு. என் லோடு ஆட்டோவில் ஆள் ஏறினால் நான் காசு வாங்குவதில்லை, சரக்குக்குத்தான் வாங்குவேன். பிளேன்காரன் இரண்டுக்கும் வாங்குகிறான். நான்தான் பிழைக்கத் தெரியாதவன்.

பையில் பால்சுறாக் கருவாடு, கருப்பட்டி, பிரசவ மருந்துப் பொடி, பிள்ளைக்குத் துவைத்து மடித்த பழந்துணி. மிச்சமிருந்த இடத்தில் அவள் சேலைகள். தராசடியில் நிற்கிற பேச்சிராஜா எட்டிப் பார்த்து, "சரியா ஏழு, அண்ணாச்சி. முத்திரை குத்தித் தரவா?" என்றான்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை எடுத்தேன். கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வருசப் பிறப்புக்குக் கொடுத்தது, சும்மா கிடந்தது. "நாலாங்கிளாஸ் படிச்சவருக்கு டைரி எதுக்கு?" என்று கேட்டாள். "உன் மேல குற்றப்பத்திரிகை எழுத" என்றேன்.

ஜூன் 5, வியாழன்

திருவனந்தபுரம் போய்த் திரும்பிவிட்டேன். கால் வலிக்கிறது.

ஏர்போர்ட்டுக்குள் நம்மை விட மாட்டார்கள். வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டு, இனி ஒரு டீ குடிக்கலாம் என்று திரும்பினேன். போன் வந்தது.

"ஏங்க, ஒம்பது கிலோ காட்டுது."

"உன் கையையும் சேத்து வச்சிருப்ப."

"விளையாடாதீங்க. காசு கட்டு, இல்லன்னா சாமானத்த எடுன்னு சொல்லுதா கவுண்டர்ல இருக்க பிள்ள."

அந்தப் பிள்ளை சொன்ன தொகையைக் கேட்டேன். அதற்கு இங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஒரு கார் பிடித்து, வழியில் பிரியாணியும் சாப்பிடலாம். "கருவாட்ட எடுத்துரு ஏளா" என்றேன். "பிள்ளைக்குப் பால் சுரக்கக் கொண்டு போறத எடுக்கச் சொல்லுதீங்களே, நீங்க மனுசந்தானா?" என்று போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவருகே வந்தாள். அங்கே காவல் நின்ற துப்பாக்கிக்காரரிடம் என்னைக் கைகாட்டி என்னவோ சொல்லி, சேலைகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். பச்சை, ஊதா, கோயிலுக்குக் கட்டுகிற கிரீம் கலர், எல்லாம். ஒன்றை மட்டும் கட்டியிருந்த சேலைக்கு மேலேயே போர்த்திக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சிரிக்க முடியாது, ஏனென்றால் அங்கே பாதிப்பேர் அப்படித்தான் நின்றார்கள். ஒருத்தன் இந்த வெயிலில் மூன்று சட்டை போட்டு, மேலே கோட்டும் மாட்டி, கோட்டுப் பையில் சார்ஜரும் ஊறுகாய் பாட்டிலும் துருத்திக்கொண்டு நிற்க, வேர்வை ஊற்றுகிறது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"கருவாடு உள்ள, கட்டுற துணி வெளிய. நல்லா இருக்கு உன் நியாயம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சேலைகளை வைத்திருந்தேன். கண்டக்டர், "ஆள் வருதா?" என்று கேட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பேச்சிராஜா வந்து தலையைச் சொறிகிறான். அந்தத் தராசில் மீன் பெட்டியின் எடையைக் கழித்தே வைத்திருப்பார்கள். வெறும் மீன் எடைதான் காட்டும். பெட்டி இல்லாமல் எதை வைத்தாலும் இரண்டு கிலோ குறையும். இது எனக்கும் தெரியும். எத்தனை லோடு அடித்திருக்கிறேன்! மீனை வைக்கும்போது ஞாபகம் இருக்கிறது, பொண்டாட்டி பையை வைக்கும்போது மறந்துபோகிறது.

"அப்ப அன்னைக்கு அக்காவ ஏத்தி நிறுத்தினமே, அதுவும் ரெண்டு கிலோ கம்மி அண்ணாச்சி" என்றான். இதை அவளிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 7

சொன்னேன். போனில் அடிக்க முடியாதே. வைத்துவிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

பேத்தி பிறந்திருக்கிறாள். இரண்டு பேரும் சுகம். போனில் காட்டினார்கள், சிவப்பாக ஒரு முஷ்டி தெரிந்தது.

தெருவில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். "தாத்தாவே" என்று கூப்பிட்டார்கள். எல்லோரையும் திருப்பிக் கேலி செய்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் கேலி செய்ய ஆள் இல்லை. மிச்சம் ஒரு மக்ரூன் இருந்தது. அதைத் தின்ன மனசு வரவில்லை, எறும்புக்குப் போய்விட்டது.

ஜூலை 2, புதன்

உடம்பில் சுற்றிப் போன இரண்டு சேலையை விட்டால் டெல்பினிடம் மாற்றிக் கட்டத் துணி இல்லை. ஜெஸ்மியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு திரிகிறாளாம். "ஆஸ்பத்திரில நர்ஸ் என்னைய வேலைக்காரின்னு நெனச்சிட்டா" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னெல்லாம் எங்கள் தெருவில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால், முந்தின நாள் அவன் வீட்டில் சந்தை கூடும். ஆளுக்கொரு பொட்டலம். என் தம்பிக்கு, எங்க மாப்பிள்ளைக்கு, அந்த ரூமில் இருக்கிற பையனுக்கு. மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பெட்டியில் இடம் இருந்தது. இப்போது போகிற தேதியையே மறைக்கிறார்கள். செந்தூர்பாண்டி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவுக்கு வந்தவன், எப்போது போகிறாய் என்று கேட்டால் "பாப்போம் பாப்போம்" என்கிறான். இன்று பார்த்தேன், புதிதாக முடி வெட்டியிருந்தான். பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, என்னைக்குக் கிளம்புத?"

"இன்னைக்கு ராத்திரி அண்ணாச்சி. எங்கம்மா கொடுத்த அரிசிமாவையே பாதி எறக்கி வச்சிட்டேன். ஒரு கைக்குட்ட கூட ஏறாது."

"பையில வேண்டாம்டே. ஒடம்புல ஏத்திக்க."

சேலையை நான்காக மடித்து அவன் இடுப்பில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டுவிட்டேன். "எத்தன மாசம்?" என்று கேட்டேன். அவன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஊதாச் சேலை கிளம்பிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

கிருபை டீச்சர் நாசரேத்தில் இருந்து இங்கே குடிவந்தபோது அவர் வீட்டுச் சாமான் முழுக்க என் வண்டியில்தான் வந்தது. ஒரு புத்தக அலமாரிக்கே நான் மூன்று பெருமூச்சு விட்டேன். அவர் மகனும் மஸ்கட்தான். அவனைப் பார்க்கக் கிளம்புகிறார் என்று தெரிந்து நேற்று போய்க் கேட்டேன். பையைக் காட்டினார். ஸ்வெட்டரின் கைக்குள் மாத்திரை அட்டைகள், ஷூவுக்குள் ஏலக்காய்.

"எடம் இல்லியே இஞ்ஞாசி."

"டீச்சர் என்ன கட்டிட்டுப் போறீங்க?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன். ஆனால் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. படித்தவர் இல்லையா? பச்சைச் சேலையை வாங்கித் தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்தார். "உங்க வீட்டம்மாவுக்கு நல்ல ரசனை. கட்டிட்டே போயிடுதேன், அங்கன மாத்திக் கொடுத்திருதேன்" என்றார்.

ஜூலை 14

ஜெஸ்மி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். மஸ்கட் ஏர்போர்ட்டில் கிருபை டீச்சர், பச்சைச் சேலையில், முதுகைக் காட்டிக்கொண்டு. பார்த்த உடனே டெல்பின் என்று நினைத்து — சரி, விடு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. சப்பரம் வரும்போது கூட்டத்தில் நின்றேன். ஒவ்வொரு வருசமும் அவள் தன் முந்தானையை என் கையில் கொடுத்து, "தொலைஞ்சு போயிராதீங்க" என்பாள். "நீ தொலைஞ்சா எனக்கு லாபம்" என்பேன். இன்று யார் முந்தானையையும் பிடிக்காமல் சப்பரத்துக்குப் பின்னால் நடந்தேன். தொலையவும் இல்லை.

வீடியோவில் கூப்பிட்டு சப்பரத்தைக் காட்டினேன். பிள்ளை அழுதது, வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரியதாழைப் பையன் ஒருவன் போனான், அவன் லேப்டாப்பைச் சுற்றி ஒரு சேலை. பக்கத்துத் தெரு ஜெனோவின் மனைவி போனாள், பிள்ளையின் தலையணை உறைக்குள் ஒன்று. எனக்கு இதுவே ஒரு வேலையாகிவிட்டது. யார் முடி வெட்டியிருக்கிறார்கள், யார் புதுச் செருப்பு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன். தெருவில் எனக்கு 'கஸ்டம்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது சேலை மட்டும் கேட்பதில்லை. அவளுடைய ஜெபமாலை கேட்டாள், அனுப்பினேன். இன்னொரு மூக்குக் கண்ணாடி கேட்டாள், அனுப்பினேன். முறுக்குப் பிழிகிற அச்சு கேட்டாள். அதுவும் இன்று போய்விட்டது.

சட்டை எடுக்க பீரோவைத் திறந்தேன். அவள் தட்டு காலி. அடியில் விரித்திருந்த பேப்பர்தான் இருக்கிறது. என்ன செய்திருக்கிறேன் நான்? என் கையாலேயே அவளைக் குடிமாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேனா?

செப்டம்பர் 2, செவ்வாய்

டெல்பின் வந்துவிட்டாள்! விசா நாள் முடிந்ததால் வர வேண்டியதாகிவிட்டது. நேற்றே வீட்டைக் கழுவிவிட்டேன். நண்டு வாங்கி வைத்தேன்.

ஏர்போர்ட்டில் பெட்டி வரும் என்று தள்ளுவண்டியோடு நின்றேன். தோளில் ஒரு சின்னப் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வெளுத்திருக்கிறாள். சுடிதார் போட்டிருக்கிறாள்! "யாரு இந்தக் காலேஜ் பிள்ள?" என்றேன். வெட்கப்பட்டாள்.

"சேலையெல்லாம் எங்க ஏளா?"

"அங்கனயே வச்சிட்டேன். பெட்டி போட்டா காசு கேக்கான். திரும்பிப் போகும்போது மறுபடி எதுக்குச் சொமக்கணும்?"

திரும்பிப் போகும்போது.

பையில் எனக்கு இரண்டு சட்டை, ஒரு சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம். அவளுடையது என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து மாற்றிக் கட்டத் துணி இல்லாமல் என் லுங்கியைக் கட்டிக்கொண்டு நண்டு சாப்பிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜெஸ்மி அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்புகிறாள். "பிள்ளைய யாரு பாப்பா?" என்கிறாள் டெல்பின்.

"என்னைய யாரு பாப்பா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "உங்களப் பாக்கத் தனியா ஒரு ஆயா வைக்கணும்" என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் சிரித்து, "சின்ன வயசு ஆயாவா பாரு" என்றேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

சிரிக்காளே. நெஞ்சுல இருந்து சொன்னேன், சிரிக்காளே! யாரைக் குறை சொல்ல? இத்தன வருசமா எதைத்தான் நான் சிரிக்காமச் சொல்லியிருக்கேன்?

செப்டம்பர் 14, ஞாயிறு

போய்விட்டாள். பை தராசுக்கே வரவில்லை. ஒரு பாக்கெட் கருவாடு, அவ்வளவுதான். துப்பாக்கிக்காரர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "லக்கேஜ்?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

செப்டம்பர் 23

லோடு இல்லை. மழையும் இல்லை.

அக்டோபர் 4, சனி

இன்று கூப்பிட்டாள்.

"என்ன, சத்தமே காணோம்? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பேச்சிராஜாகூட சண்டையா?"

"தனியா இருக்க முடியல டெல்பின்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்றோ, அவளுக்கே தெரிந்திருக்கும். பிள்ளை பக்கத்தில் கத்துகிறது, அவள் எடுக்கவில்லை.

"இதச் சொல்ல இத்தன நாளா?" என்றாள்.

"சொன்னேன். நீ சிரிச்ச."

"நீங்க சிரிச்சிட்டே சொன்னா?" என்று அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 5

பேச்சிராஜாவிடம் வண்டியைப் பற்றிப் பேசினேன். அவனுக்கு ஓட்டத் தெரியும், ஆசையும் இருக்கிறது. "எத்தன நாளைக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். "ஓட்டு, பாப்போம்" என்றேன். செந்தூர்பாண்டி மாதிரிப் பேசுகிறேன்.

பாஸ்போர்ட் இருக்கிறது. டெல்பினுக்கு எடுத்தபோது கூடவே எடுத்தது. முடி வெட்டப் போகவில்லை. தெருவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜெஸ்மி கூப்பிட்டாள்.

"அப்பா, டிக்கெட் பாத்துட்டே இருக்கேன். சும்மா பாத்துட்டுப் போறதுன்னா பெட்டி இல்லாமப் போடுதேன், கொறச்சலா வரும். பெட்டி சேத்தா ரொம்பக் கூடுது. எப்படிப் போட?"

வாசல் வரைக்கும் போனேன். வண்டி நின்றது. பேச்சிராஜா அதற்குள் அவன் சாமி படத்தை முன்னால் ஒட்டிவிட்டான். எங்கள் மாதாவுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் இடம் விட்டு.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"பெட்டியோட போடு" என்றேன்.

பின்னால் டெல்பின் குரல் கேட்டது: "என்ன சொல்லுதாரு?"

"பெட்டியோட வாராங்களாம், அம்மா."

அதற்கப்புறம் அங்கே யாரும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.