படி வளைவில் சிக்கிய அலமாரி

மார்ச் 3

அக்கா என்னைப் படைப்பாற்றல் வகுப்புக்கு அனுப்பினாள். தொழிலில் முன்னேற வேண்டுமாம். பயிற்சியாளர் ஒரு பேப்பர் கிளிப்பைக் காட்டி, "இதுக்கு நாப்பது உபயோகம் எழுதுங்க" என்றார். முப்பத்தொன்று எழுதினேன், கைதட்டினார்கள். ஒரே சட்டியை வைத்து வீட்டையே ஓட்டுகிறவர்களுக்கு யார் கைதட்டினார்கள்?

மார்ச் 6

மானம் போச்சு. புதுக் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்கு அலமாரி செய்ய அக்காவின் பட்டறைக்கு ஆர்டர். முதல் அலமாரியே படி வளைவில் சிக்கிக்கொண்டது. அறையை அளந்தோம், படியை அளக்கவில்லை. அளந்தது நான்தான்.

கட்டடப் பொறியாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். ஏழு பேர் எங்கே போவார்கள்?

மார்ச் 7

கிரேன்? ஜன்னலை உடைப்பதா? குட்டையாகச் செய்தால் — வாங்குவாரா? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மார்ச் 8

வகுப்பில் சொன்னதில் ஒன்று உருப்படி: இதுவரை கேட்காத ஆளிடம் கேள்.

பதினோரு வருடமாக எங்கள் அலமாரிகளைச் சுமக்கும் லோடு மாமாவிடம் போனேன். "மாமா, நீங்களா இருந்தா எப்படிச் செய்வீங்க?"

"அட, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? மேல பாதி, கீழ பாதின்னு ரெண்டாச் செய்யும்மா. மேல கொண்டுபோய் போல்ட்டு முடுக்கி, ஒரு பட்டை ஒட்டுனா கோடே தெரியாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. 'தூக்குற வேலைய மட்டும் பாருங்க'ன்னுச்சு உங்கக்கா."

அக்கா மேல் கோபம் வந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம்?

மார்ச் 9

அக்காவோடு சண்டை. "வகுப்புக்கு அனுப்புனது உன்ன. யோசனை சொல்றது அவராடி?"

"ஆமா! அந்த வகுப்புச் சான்றிதழக் கிழிச்சுப் போடு!"

முறைத்தாள். ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை. பிறகு அவளே மாமாவைக் கூப்பிட்டு, வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மதியத்துக்குள் அலமாரியை இரண்டாக அறுத்துவிட்டார்கள்.

மார்ச் 10

கீழ்ப் பாதி ஏறியது. மேல் பாதியும் ஏறியது. பொறியாளர் இணைப்பைத் தடவித் தடவித் தேடினார். "சரி, மிச்சத்தையும் அனுப்புங்க."

அப்பாடா!

ஏப்ரல் 2

வேறொரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனோம். கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்து, "அளவெடுக்கறவர் வரலையா?" என்றார்.

"வந்துட்டார்" என்று கீழே காட்டினேன். லோடு மாமா முதல் மாடிப் படி வளைவில் டேப்பை விரித்துக்கொண்டிருந்தார்.