எருக்கங்காய்க்கு ஒரு பனியன் துணி

திருப்பூர்
17.3.2004

அன்பு மகள் அபிராமிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உனக்கு இருமல் நின்று ராத்திரி நன்றாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, பதில் எழுதப் பயந்துகொண்டிருந்தேன், ஏனென்று சொல்கிறேன். பொங்கல் லீவு முடிந்து உன்னை மதுரை ஹாஸ்டலில் விடக் கிளம்பியபோது எதிர்க் காலியிடத்து எருக்கு மொட்டு விட்டிருந்தது. இது பூத்துக் காயாகி வெடிப்பதற்குள் பார்க்க வந்துவிடுவேன் என்றேன், நீயும் அழுகையை நிறுத்தினாய். அப்புறம் தும்பை காய்ந்தது, உனக்குப் பிடித்த மஞ்சள் நெருஞ்சிப்பூவெல்லாம் முள்ளாகி என் செருப்பில் ஏறிப் பனியன் கம்பெனி வரை வருகிறது. எருக்கில் அத்தனை பூவும் உதிர்ந்து ஒரே ஒரு காய் நின்றது. நான் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது அதைப் படம் வரைந்து மார்க் வாங்கியவள்தான், ஆனால் தினம் நின்று பார்த்தது இப்போதுதான். அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட், எனக்குப் பகல், இரண்டு பேரும் வாசலில்தான் பார்த்துக்கொள்கிறோம், வீட்டில் பேச ஆளில்லாமல் காலையில் அந்தக் காயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவேன்.

ஷிப்மெண்ட் போகாமல் லீவு இல்லை என்று சூப்பர்வைசர் சொன்ன அன்றைக்கு, வெடித்துவிடக் கூடாதென்று கட்டிங் வேஸ்ட் துணியால் காயைச் சுற்றிக் கட்டினேன். வீட்டுக்காரக் கருப்பாத்தாள் அம்மா பார்த்துவிட்டு, ஏனம்மிணி, எருக்கங்காய்க்குப் பனியன் போட்டு உட்டிருக்கறே, அதுக்குக் குளுருதாக்கும் என்று சிரித்தார்கள். போன சனிக்கிழமை துணி உப்பி, ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. ஞாயிறு போனில், வெடிச்சிருச்சாம்மா என்று கேட்டாய். இன்னும் பச்சையாத்தான் இருக்கு என்றேன். பொய் சொன்னேன் பாப்பா. மறுநாள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ரோஸ்மேரி அக்கா, தலையெல்லாம் பஞ்சு பாரு புள்ள என்று என் முடியிலிருந்து ஒன்றை எடுத்தாள், நுனியில் விதை இருந்தது. நீயே வந்து என் பொய்யைப் பிடித்துவிட்டது போல இருந்தது எனக்கு.

இனிச் செடியைக் காட்டி வாக்குக் கொடுக்க மாட்டேன். 28ஆம் தேதி ஞாயிறு, முதல் பஸ்ஸில் வருகிறேன், ஓவர்டைம் போட்டாலும் இருக்க மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். காயைக் கட்டோடு அறுத்து உன் பழைய டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன். நீ அவிழ்க்கும்வரை அது வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வாயா?

தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் விளையாடாதே. சாமி உன் கூடவே இருக்கட்டும். காம்பில் இன்னும் எருக்கம்பால் இருந்தாலும் இருக்கும், கண்ணில் படக் கூடாது, அவிழ்க்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா