சுவர் சாய்ந்தபோது வந்த சொல்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். என் அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இந்த ஊரில் மேஸ்திரி ஆக எழுத வேண்டிய பரீட்சைக்காக, கட்டுவதற்கும் இடிப்பதற்கும் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளை உருப்போடுகிறேன். எரெக்ட், டிமாலிஷ், கொலாப்ஸ் என்று கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். செவ்வாயன்று நாங்கள் இடிக்கப் போன ஒரு பழைய சுவர் திடீரென்று சாய்ந்தது. படித்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. "ஓடுங்க, ஓடுங்க" என்றுதான் கத்தினேன். கூட வேலை செய்பவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே ஓடிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

இப்போது சுவரைத் தள்ளும் முன் எல்லோரும் "ஓடுங்க" என்றே குரல் கொடுக்கிறார்கள். நாள் முழுக்க என் காதில் விழும் தமிழ் அது ஒன்றுதான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. மளிகைப் பட்டியலாக இருந்தாலும் சரி, நிதானமாக வாசி.

பாப்பா அப்பா