தொப்பி போட்ட பிள்ளை

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

பயப்படாதே, இங்கே உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் பாப்பா பக்கத்திலேயே நிற்கிறாள். சொல்ல வாயும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வீடியோவில் கேட்டாயே, வீட்டுக்குள்ள எதுக்கு இவளுக்குத் தொப்பின்னு. புதுசு, கழற்ற மாட்டேங்கிறா என்றேன். பொய். அவள் உச்சந்தலையில் காசளவுக்கு முடி உதிர்ந்து, செதில் செதிலாக இருந்தது. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன் மகளுக்கே தலையில் படை என்றால் என் நாற்காலியில் யார் உட்காருவார்கள்? மறைத்தேன். அவள் சொறியும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டேன். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவினேன். கொஞ்சம் அடங்குவது போல் அடங்கி, பரவிவிட்டது. ஓரிடத்தில் சீழ் கோத்துப் பஞ்சு போல் வீங்கியது. கழுத்தில் நெறி கட்டி, தலையணையில் தலை வைக்கவே அழுதாள். அங்கே நீ அடுத்தவர் பிள்ளையைக் கண்ணாகப் பார்க்கிறாய். இங்கே நான் நம் பிள்ளையை இப்படி விட்டேன்.

அப்புறம்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தம்மா செதிலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைத் தொற்றாம். "இது முடி வேர்ல இருக்குங்க, களிம்பு அங்க போகாது. மாத்திரைதான் கேக்கும். முடி வந்துடுச்சேன்னு நீங்களா நடுவுல நிறுத்திடாதீங்க" என்றார். மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க ஒரு மருந்து ஷாம்புவும் கொடுத்தார். மொட்டையடிக்கவா என்றதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார். சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் அவளுக்குத் தனி.

பிறகு என் தொழிலைக் கேட்டார். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மெஷினைச் சுத்தம் செய்யாமல் அடுத்த தலையில் வைத்தால் பரவும் என்றார். கூட்டம் இருக்கும்போது நான் அப்படித்தான் வைப்பேன். நீ எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்.

எதிர்க்கடைத் தையல்காரர் மகனுக்கு, பாப்பாவுக்கு வெட்டிய அதே மெஷினால்தான் வெட்டினேன். அவன் மொட்டைத் தலையில் அதே படையோடு போவதைப் பார்த்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். குளிக்காமல் திரிவதால் வந்தது என்று அவனை அடித்து, மொட்டையும் போட்டிருக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் தையல்காரர், "இத்தனை நாளா தெரிஞ்சேவா இருந்தே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மனைவி பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இப்போது இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் முடி வெட்டிக்கொண்ட மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். மெஷினை ஒவ்வொரு தரமும் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். அதற்கு நேரம் நிறைய இருக்கிறது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.

பாப்பாவுக்கு வீக்கம் வடிந்து, பூனைமயிர் போல் முளைக்கிறது. சீழ் பிடித்த இடத்தில் மட்டும் முடி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நேற்று அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதப்பா, இனிமே நான் சொறியவே மாட்டேன்" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை என்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறாள். நீ சொன்னால் நம்புவாள். போன் செய்ததும் முதலில் அதைச் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படும்,
பாப்பாவின் அப்பா