ஆம் என்று அமுக்கியவர்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

கிளிஞ்சல்மேட்டு மீன் ஏலக் கொட்டகையை வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றி எங்கள் அலுவலக இணையதளத்தில் கருத்துக் கேட்டோம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் படிவத்தை அமைத்தவள் நான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘கொட்டகையை மாற்றலாமா?’ என்று கேள்வி. தமிழில் நான் ‘இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமா?’ என்று எழுதிவிட்டேன். மூன்று மொழிப் பதிலும் ஒரே பட்டியலில் சேரும். தமிழில் ‘ஆம்’ போட்ட அத்தனை பேரும் மாற்றச் சொன்னதாக ஆகிவிட்டது. முடிவை வெளியிட்ட பிறகு, நேற்றுதான் இதைக் கவனித்தேன். நேற்று யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மதியம் செல்வி அக்கா வந்தார். அந்தக் கொட்டகையில் மீன் எடுத்து விற்பவர். தன் போனோடு வீடு வீடாகப் போய் எல்லாரையும் படிவம் நிரப்ப வைத்தவர்.

“முடிவைப் பார்த்தேம்மா. எங்க சனங்கதான் மாத்தி அமுக்கிடுச்சுங்க போல. எங்க வீட்டுக்காரரக்கூட நல்லா திட்டிட்டேன், ஒரு பட்டனப் பார்த்து அமுக்கத் தெரியலையான்னு.”

“இருக்கலாம்க்கா” என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. “உங்க மேல தப்பு சொல்ல வரலம்மா” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார். முடிவை நீக்கிவிட்டோம், மறுபடியும் கேட்கப் போகிறோம். அக்காவுக்குத்தான் இன்னும் போன் செய்யவில்லை. மூன்று தடவை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அவர் வீட்டுக்காரர் விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர். நாளைக்கும் திட்டு வாங்கிக்கொண்டே போவார். அவர் சரியாகத்தான் அமுக்கியிருந்தார்.