ஜோசியர் வரும்போது மச்சம் இருக்காது

நேற்று ராத்திரி சொல்ல வாயெடுத்து விழுங்கியது இதுதான்: உங்கள் ஜவுளிக்கடை ஓடுவது என் கன்னத்துக் கரும்புள்ளியால் அல்ல.

“மச்சம்னா லட்சுமிடி. ஜோசியர்கிட்ட நல்ல நாள் பார்த்து வெட்டிக்கிடலாம்” என்றீர்கள். கோபாலபுரம் பள்ளி மைதானத்தில் இருபது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டு வெயிலில் நின்றேனே, அந்த வெயில் தந்தது இது. பெயர் மெலனோமா, தோல் புற்று. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டினால் போதும் என்கிறார் டாக்டர். நல்ல நாள் வரும்வரை பரவாமல் இருக்கச் சொல்லி லட்சுமியிடம் கேட்டுவிட்டீர்களா?

சாவி எதிர் ஃப்ளாட் தங்கத்திடம். பதினோரு மணிக்கு ஜோசியரைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள். டிகாஷன் இறக்கி வைத்திருக்கிறேன், முறுக்கு நீல டப்பாவில். மச்சத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அவரைச் சாயங்காலம் ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்புங்கள். சீசாவில் இருக்கும்.

உங்கள் பிரஷர் மாத்திரை தட்டுக்குப் பக்கத்தில். சாப்பிட்டபின் போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஸ்வர்ணா

பி.கு: டாக்டருக்கு போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னீர்கள். போடவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.